எந்த மெமரி கார்டை வாங்குவது?

பெண்ணுக்கு மாப்பிள்ளை நிச்சயமான மறுநாளிலிருந்தே நம் வீடுகளில் ஆலோசனைகள் தொடங்கிவிடுகின்றன. மண்டபம் எது, சமையற்காரர் யார், நாதஸ்வரக் கோஷ்டியை ஊரிலிருந்து வரவழைப்பதா அல்லது இங்கேயே கிடைப்பவரை அமர்த்திக்கொள்வதா என்னும் கேள்விகளோடு, வீடியோ எடுப்பது யார், எப்படி எடுப்பது என்னும் கேள்வியும் இந்நாளில் சேர்ந்துகொண்டிருக்கிறது. டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் குடியேறி வாழும் நமக்கு இது வெறும் ஆடம்பரம் அன்று. ஒன்றரை நாள், இரண்டு நாள் ரயிலில் வர உடம்பு இடங்கொடாத பாட்டி, கும்பகோணத்துக் கூடத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடி பேத்தியின் கழுத்தில் மாங்கல்யம் ஏறுவதைக் காண்பது அந்தப் படத்தில்தான். பேரனின் உபநயனமும், மகளின் அரங்கேற்றமும், பெரியவர்களின் சஷ்டியப்த பூர்த்தியும் ஊருக்குப் போய்ச் சேருவது அப்படித்தான்.

இவ்வளவு முக்கியமான காரியத்துக்குக் காமிரா வாங்குவோர் மாதக் கணக்கில் விசாரிக்கிறார்கள். பத்துப் பேரின் அபிப்பிராயத்தைக் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் காமிரா பிடிக்கும் படமெல்லாம் எதில் போய்த் தங்குகிறதோ, அந்த மெமரி கார்டை மட்டும், அடுப்பு வாங்கிய கடையிலேயே தீப்பெட்டியையும் வாங்கிக்கொண்டு வருவதைப்போல, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கார்டின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்கிறார்கள். 170 என்று ஒன்றிலும் 200 என்று மற்றொன்றிலும் இருந்தால் 200 என்பதே மேல் என்று முடிவு செய்கிறார்கள். வீடியோ எடுப்பதற்கு அந்தப் பெரிய எண்ணால் அநேகமாக எந்தப் பயனும் இல்லை. பயனுள்ள எண் அதே கார்டில் ஓர் ஓரமாக, சிறிய எழுத்தில், ஒருவர் கண்ணிலும் படாமல் ஒதுங்கியிருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

நகத்தளவில் ஒரு பெட்டகம்

1965ஆம் ஆண்டில் கோடாக் கம்பெனியார் ‘சூப்பர் 8’ என்ற சிறிய பிலிமை வெளியிட்டார்கள். வசதி படைத்த குடும்பங்கள் வீட்டு விசேஷங்களைப் படம் பிடிக்க அதைப் பயன்படுத்தின. ஒரு பிலிம் பெட்டியின் நீளம் ஐம்பது அடி. வினாடிக்கு 18 படங்கள் வீதம் ஓட்டினால் மூன்று நிமிஷம் இருபது வினாடியில் அது தீர்ந்துபோகும். ஊஞ்சலில் ஒரு நிமிஷம், மாலை மாற்றலில் ஒரு நிமிஷம், தாலி கட்டுவதற்கு மீதி என்று கணக்குப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பிறகு வந்த வீடியோ காஸெட்டுகள் மணிக்கணக்கில் ஓடின. ஆனால் மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து அவற்றில் பல பாழாயின. இன்று 11 மில்லிமீட்டர் அகலமும் 15 மில்லிமீட்டர் நீளமும் உடைய ஒரு மைக்ரோ எஸ்.டி. கார்டில் கலியாணம் முழுவதையும் அடக்கிவிட முடிகிறது.

இந்த விந்தைக்கு மூலகாரணம் ஜப்பானிய விஞ்ஞானியான புஜியோ மசுவோகா. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய அவர், மின்சாரம் நின்ற பிறகும் எழுதியது அழியாமல் இருக்கும் ‘பிளாஷ்’ நினைவகத்தை 1980களில் உருவாக்கினார். பெரும் பகுதியை ஒரே கணத்தில் அழித்துவிடும் அதன் தன்மை, காமிராவின் பிளாஷ் விளக்கு மின்னுவதை ஒத்திருப்பதாக உடன் பணிபுரிந்தவர் ஒருவர் கூறியதால் அந்தப் பெயர் ஏற்பட்டது. பிறகு தோஷிபா, பானஸானிக், சான்டிஸ்க் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து எஸ்.டி. கார்டுக்கு இலக்கணம் வகுத்தன. 2000ஆம் ஆண்டில் எஸ்.டி. சங்கம் என்ற அமைப்பும் தோன்றிற்று. கார்டின் மேல் என்ன குறி இருக்க வேண்டும், அந்தக் குறிக்கு என்ன பொருள் என்பதை இன்றும் அந்தச் சங்கமே நிர்ணயிக்கிறது. நாம் நம்ப வேண்டியது அந்தக் குறிகளைத்தான். உற்பத்தியாளர் பெருமைக்காகப் பெரிதாக அச்சிடும் எண் வேறு, சங்கத்தின் குறி வேறு.

ஆழாக்கும் படியும்

குறிகளுக்குப் போகுமுன் ஒரு சிறு கணக்கு. கணக்கென்றால் ஓடிவிடுவோரும் இதை மட்டும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். மற்ற யாவும் இதன் மேல்தான் நிற்கின்றன.

‘4கே’ என்று சொல்லப்படும் நுட்பமான படத்தில், ஒவ்வொரு சட்டத்திலும் குறுக்கே 3,840 புள்ளிகளும் நெடுக்கே 2,160 புள்ளிகளும் இருக்கின்றன. பெருக்கிப் பார்த்தால் 82,94,400. முன்பு உயர்தரம் என்று கருதப்பட்ட ‘புல் எச்.டி.’ படத்தில் இருப்பதைப்போலச் சரியாக நான்கு மடங்கு. வினாடிக்கு 25 சட்டங்கள் வீதம், புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட் வீதம், அப்படியே எழுதுவதானால் வினாடிக்குச் சுமார் 622 மெகாபைட் ஆகும். எந்தச் சாதாரணக் கார்டும் இதைத் தாங்காது. ஆகவே காமிரா தனக்குள்ளேயே படத்தைச் சுருக்கி, ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்து, அதன் பிறகே கார்டுக்கு அனுப்புகிறது. அப்படி வினாடிதோறும் அனுப்பும் அளவு காமிராவின் விவரப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். உதாரணமாக, ‘வினாடிக்கு 100 மெகாபிட்’ என்று இருக்கும்.

இங்கேதான் பலர் இடறி விழுகிறார்கள். காமிராக்காரர் அளப்பது மெகாபிட்டில். கார்டுக்காரர் அளப்பது மெகாபைட்டில். இரண்டும் ஒன்றல்ல. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எட்டு ஆழாக்கு ஒரு படி என்று நம் பாட்டிமார் அளந்தார்களே, அதே கணக்கு. பிட் என்பது ஆழாக்கு. பைட் என்பது படி. காமிரா நூறு ஆழாக்குக் கொட்டினால் கார்டு வாங்கிக்கொள்ள வேண்டியது பன்னிரண்டரைப் படியே. ஆகவே காமிராவின் எண்ணை எட்டால் வகுத்துவிட்டால் கார்டுக்கு வேண்டிய வேகம் கிடைத்துவிடும். நூறு மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட். நானூறு என்றால் 50. அறுநூறு என்றால் 75.

எந்த வேகம் நமக்கு வேண்டியது?

இப்பொழுது கார்டைக் கையில் எடுப்போம். பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 170, 200 போன்ற எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். அதாவது, படமெல்லாம் எடுத்து முடித்த பிறகு கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்கும்போது கிடைக்கக்கூடிய உச்ச வேகம். அதுவும் அந்த உற்பத்தியாளரே விற்கும் தனிப்பட்ட ரீடரில் செருகினால்தான் கிடைக்கும். முகூர்த்த வேளையில் நமக்கு வேண்டியது எழுதும் வேகம். எழுதும் வேகத்திலும், எப்பொழுதோ ஒரு கணம் எட்டிப் பிடிக்கும் உச்சம் அல்ல. இடைவிடாமல் எழுதிக்கொண்டே போகும்போது எந்தக் கணத்திலும் இதற்குக் கீழே இறங்காது என்று உறுதி கூறப்பட்ட குறைந்தபட்ச வேகம்.

நகரத்தில் குழாயடியில் தண்ணீர் பிடித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் ஒரே சீராகக் கொட்டுகிறது. கீழே ஒரு வாளி. வாளியிலிருந்து மொண்டு மொண்டு அண்டாவில் ஊற்றுகிறோம். ஊற்றுகிறவர் நடுவே சற்று நின்று மூச்சு வாங்கினாலும் வாளி நிரம்பும் வரை நஷ்டமில்லை. அதிக நேரம் நின்றுவிட்டால் வாளி வழிந்துவிடும். காமிராவினுள் இருக்கும் தற்காலிக நினைவகந்தான் வாளி, கார்டுதான் அண்டா. கார்டு சில வினாடிகள் தயங்கினால் வாளி நிரம்பிவிடுகிறது. உடனே காமிரா, ‘கார்டின் வேகம் போதவில்லை’ என்று ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டுப் பதிவை நிறுத்திவிடுகிறது. கெட்டிமேளம் முழங்கும் சமயத்தில் படம் எடுப்பவர் அறிவிப்பைக் கவனிப்பாரா, அட்சதையைக் கவனிப்பாரா?

கார்டு ஏன் தயங்க வேண்டும் என்று கேட்கலாம். பிளாஷ் நினைவகம் ஒரு விசித்திரமான சிலேட்டு. சிறு சிறு பகுதியாக எழுதலாம். ஆனால் அழிப்பதென்றால் ஒரு பெரிய பகுதி முழுவதையும் ஒரே தடவையில்தான் அழிக்க முடியும். பழைய படங்களில் சிலவற்றை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீக்கிவிட்டு மேலே எழுதச் சொன்னால், கார்டு அந்தப் பகுதியில் வேண்டியவற்றை வேறிடத்துக்கு நகர்த்தி, பிறகு அழித்து, பிறகு எழுத வேண்டும். அந்த வேலையில் வேகம் குறைகிறது. மேலும், பல கார்டுகள் முதலில் வரும் படங்களை வேகமான ஒரு சிறு பகுதியில் அவசரமாக வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக உள்ளே அடுக்குகின்றன. அந்தச் சிறு பகுதி நிரம்பியதும் அவற்றின் சுயரூபம் வெளிப்படுகிறது. கடையில் ஒரு நிமிஷம் சோதித்துப் பார்த்தபோது பறந்த கார்டு, மண்டபத்தில் நாற்பதாவது நிமிஷத்தில் மண்டியிடுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே பார்க்க வேண்டியவை மூன்று குறிகள். மூன்றும் ஒரே செய்தியை வெவ்வேறு காலத்து மொழியில் சொல்கின்றன. முதலாவது, ஆங்கில ‘சி’ எழுத்தின் வயிற்றுக்குள் ஓர் எண். அங்கே 10 என்று இருந்தால் குறைந்தது வினாடிக்கு 10 மெகாபைட். இரண்டாவது, ‘யூ’ எழுத்தின் குழிக்குள் 1 அல்லது 3. ஒன்று என்றால் 10 மெகாபைட், மூன்று என்றால் 30. மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். வீடியோவுக்கென்றே 2016ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட குறி அது. ‘வி’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 6, 10, 30, 60, 90 என்னும் எண்களில் ஒன்று இருக்கும். வி 30 என்றால் வினாடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாது. வி 60 என்றால் 60, வி 90 என்றால் 90. புதிர் ஒன்றுமில்லை. எண்ணே விடை.

‘ஏ’ எழுத்துக்குப் பக்கத்தில் 1 அல்லது 2 என்று ஒரு குறியும் சில கார்டுகளில் காணப்படும். அது கைபேசியில் செயலிகளை வைத்து ஓட்டுவதற்கான தகுதியைச் சொல்வது. வீடியோவுக்கு வேண்டியதென்று கடைக்காரர் அதைக் காட்டி விலை கூட்டினால் புன்னகை புரிந்துவிட்டு நகரலாம். ரோமன் இலக்கத்தில் ஒன்று அல்லது இரண்டு என்று காணப்படுவது சாலையின் அகலத்தைக் குறிப்பது. ஒன்று என்றால் அதிகபட்சம் 104 மெகாபைட் செல்லும் சாலை. இரண்டு என்றால் 312 வரை செல்லலாம். இரண்டாம் வகைக் கார்டின் பின்புறத்தில் செப்புப் பற்கள் இரண்டு வரிசையாக இருக்கும். அந்த இரண்டாவது வரிசையைத் தொடும் வசதி காமிராவிலும் இருந்தால்தான் பயன் உண்டு. இல்லையேல் கொடுத்த பணம் வீணே. கார்டு முதல் வகையைப் போலவே நடந்துகொள்ளும்.

யாருக்கு எது?

கையடக்கக் காமிராக்களும், தலைக்கவசத்தில் கட்டிக்கொள்ளும் கோப்ரோ போன்றவையும், பெரும்பாலான நடுத்தர விலைக் காமிராக்களும் 4கே படத்தை வினாடிக்கு 100 முதல் 120 மெகாபிட் வரையில்தான் எழுதுகின்றன. எட்டால் வகுத்தால் 15 மெகாபைட்டுக்கு மேல் போகவில்லை. வி 30 கார்டு இதைப்போல இரண்டு மடங்கு தாங்கும். ஆகவே வீட்டு உபயோகத்துக்கு வாங்குவோரில் பெரும்பாலோருக்கு நல்ல பெயருள்ள வி 30 கார்டே போதும். இதற்கு மேல் செலவழிப்பது பட்டுப்பாய்க்குச் சரிகை வைத்துத் தைப்பதைப் போன்றது. வி 90 கார்டின் விலை வி 30 கார்டின் விலையைப்போலப் பல மடங்கு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

தொழில் முறையில் எடுப்பவர்களின் கதை வேறு. ஒவ்வொரு சட்டத்தையும் அடுத்த சட்டத்தின் துணையில்லாமல் தனித்தனியாகச் சுருக்கி எழுதும் முறை ஒன்று உண்டு. வெட்டி ஒட்டுவதற்குச் சௌகரியமானது. ஆனால் இடத்தை விழுங்குவது. 2017இல் வந்த பானஸானிக் ஜி.எச்.5 காமிரா அந்த முறையில் வினாடிக்கு 400 மெகாபிட் எழுதும். அது 50 மெகாபைட். எனவே வி 60 வேண்டும். 2020இல் வந்த சோனி ஏ7எஸ் 3 காமிரா அதே முறையில் வினாடிக்கு 50 சட்டங்கள் எடுக்கும்போது 500 மெகாபிட் எழுதும். வகுத்துப் பார்த்தால் 62.5. வி 60 கார்டுக்கு இரண்டரைப் படி அதிகம். இந்த இரண்டரைக்காகவே வி 90க்குப் போக வேண்டியிருக்கிறது. அதே ஆண்டில் வந்த கேனன் ஆர்5 காமிராவில் 8கே படத்தை ‘ரா’ முறையில் எடுத்தால் சுமார் 2,600 மெகாபிட், அதாவது 325 மெகாபைட். எஸ்.டி. கார்டின் 312 அகலச் சாலையே இதற்குப் போதாது. அதற்காக சி.எப். எக்ஸ்பிரஸ் என்ற கனத்த கார்டு ஏற்பட்டிருக்கிறது. நம் வீட்டுக் கலியாணத்துக்கு 8கே அவசியந்தானா என்று கேட்டால், ஊரிலே பாட்டியின் தொலைக்காட்சிப் பெட்டி எதைக் காட்டும் என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு கொள்ளும்?

வேகம் ஒன்று, கொள்ளளவு மற்றொன்று. நூறு மெகாபிட் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் ஆகும். 128 ஜிகாபைட் கார்டில் இரண்டு மணி ஐம்பது நிமிஷம் எடுக்கலாம். அதே கார்டு 400 மெகாபிட் காமிராவில் நாற்பத்திரண்டு நிமிஷத்தில் நிரம்பிவிடும். காசி யாத்திரை முடிந்து ஊஞ்சல் ஆரம்பிக்கும்போது கார்டு தீர்ந்துபோனால், குறை கார்டின் மேல் அல்ல. கணக்குப் பார்க்காதவர் மேல்.

128 என்று வாங்கிய கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் 119 என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். ஏமாற்று ஒன்றுமில்லை. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் ஆயிரத்து இருபத்துநான்காக எண்ணுகிறது. அளவு ஒன்றே. 32 ஜிகாபைட் வரையுள்ள கார்டுகளில் ஒரு நீண்ட படம் நான்கு ஜிகாபைட்டுக்கு ஒரு துண்டாகப் பிரிந்து நிற்பதும் பழுதன்று. அந்த வகைக் கார்டு பயன்படுத்தும் அடுக்குமுறையின் வரம்பு அது. அதற்கு மேற்பட்ட கார்டுகளின் அடுக்குமுறையில் இந்த வரம்பு இல்லை.

பெரிய கார்டு ஒன்று வாங்குவதா, சிறியவை இரண்டு மூன்று வாங்குவதா? என் அபிப்பிராயம் இரண்டு மூன்று என்பதே. நிச்சயதார்த்தம் ஒன்றில், முகூர்த்தம் ஒன்றில், வரவேற்பு ஒன்றில் என்று வைத்துக்கொண்டால், ஒன்று கெட்டாலும் கலியாணம் முழுவதும் போய்விடாது. காமிராவில் கார்டுக்கு இரண்டு இடங்கள் இருந்தால் இரண்டிலும் ஒரே படத்தை ஒரே சமயத்தில் எழுதச் சொல்வது அதைவிட உத்தமம். ஆனால் இரண்டு கார்டுகளும் வேகம் போதுமானவையாக இருக்க வேண்டும். ஒன்று மெதுவாக இருந்தால் அதுவே மற்றொன்றையும் நிறுத்திவிடும்.

போலியின் மாயம்

மேலே சொன்னவை யாவும் கார்டு உண்மையானதாக இருந்தால்தான் பொருந்தும். டில்லியில் சாந்தினி சௌக்கை அடுத்த கூச்சா சௌத்ரி காமிராச் சந்தையாகட்டும், நேரு பிளேஸாகட்டும், மும்பை லாமிங்டன் ரோடாகட்டும், பெங்களூர் எஸ்.பி. ரோடாகட்டும், நாணயமான வியாபாரிகள் நிறைய இருக்கிறார்கள். எனினும் எந்தச் சந்தையிலும் நாணயத்துக்குப் பக்கத்திலேயே போலியும் கடை விரித்திருக்கும். இணைய வியாபாரத்தில் இது இன்னும் எளிது. பெரிய தளத்தின் பெயரை நம்பி வாங்குகிறோம், விற்பவரோ அதன் நிழலில் நிற்கும் யாரோ ஒருவர்.

போலிக் கார்டு செய்யும் விதம் வேடிக்கையானது, வேதனையானதுங்கூட. உள்ளே 16 ஜிகாபைட்டே இருக்கும். ஆனால் கார்டைக் கட்டுப்படுத்தும் சில்லில், ‘நான் 512’ என்று பொய் சொல்லும்படி எழுதியிருப்பார்கள். கம்ப்யூட்டரும் காமிராவும் அதை அப்படியே நம்பும். பதினாறு நிரம்பும் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதன் பிறகு வருவதைக் கார்டு காற்றிலே விட்டுவிடும். அல்லது முதலில் எழுதியதன் மேலேயே மீண்டும் எழுதும். படங்களின் பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரியும். திறந்தால் ஒன்றும் இராது. காலையில் எடுத்த முகூர்த்தத்தின் மேல் மாலை வரவேற்பு ஏறி உட்கார்ந்துகொண்டால், எந்த நிபுணராலும் அந்த முகூர்த்தத்தை மீட்க இயலாது. கொடுமை என்னவென்றால், ஒரு வாரம் கழித்து, விருந்தினர் எல்லாரும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகே விஷயம் தெரியவரும்.

இதற்கு மருந்து மிக எளிது. ‘எச்2 டெஸ்ட் டபிள்யூ’ என்று விண்டோஸ் கம்ப்யூட்டருக்கும், ‘எப்3’ என்று லினக்ஸ், மேக் கம்ப்யூட்டர்களுக்கும் இலவசச் சோதனை மென்பொருள்கள் உண்டு. அவை கார்டின் கடைசி மூலை வரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். பெரிய கார்டானால் சில மணி நேரம் பிடிக்கும். இரவு படுக்கப் போகுமுன் ஆரம்பித்துவிட்டால் விடியும்போது விடை தயாராக இருக்கும். வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்த வேலையை அவனிடம் ஒப்புவிக்கலாம். கார்டை விசேஷத்துக்கு இரண்டு வாரம் முன்பே வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். பழுது கண்டால் மாற்றிக்கொள்ளப் பொழுது வேண்டாமா?

வாங்கும்போது உறையையும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கின் உறையில் இறக்குமதி செய்தவரின் பெயரும் விலாசமும், அதிகபட்ச சில்லறை விலையும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அவை இல்லாத உறையும், ரசீது தர மறுக்கும் கடையும், சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கும் பெரிய கார்டும் சந்தேகத்துக்குரியவை. காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கு ரசீது கேட்பதில் கூச்சம் எதற்கு?

விசேஷ நாளன்று

புதுக் கார்டாயினும் பழைய கார்டாயினும், அதிலிருந்த படங்களையெல்லாம் முன்பே நகல் எடுத்துக்கொண்டு, எந்தக் காமிராவில் பயன்படுத்தப்போகிறோமோ அந்தக் காமிராவிலேயே ஒரு முறை ‘பார்மட்’ செய்துவிட வேண்டும். படங்களை ஒவ்வொன்றாக நீக்கி இடம் பண்ணுவதைவிட இது நல்லது. சிலேட்டை முழுவதும் துடைத்துக் கொடுத்தால் கார்டு தயங்காமல் எழுதும். பிறகு, அன்றைக்கு எடுக்கப்போகும் அதே தரத்தில், கார்டு நிரம்பும் வரை வீட்டிலேயே ஒரு தடவை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சுவரைப் படம் எடுத்தாலும் போதும். ஆனால் வெறும் சுவரானால் சில காமிராக்கள் அதிகமாகச் சுருக்கிவிடும். ஆகவே மின்விசிறியோ, மரக்கிளை அசைவதோ தெரியும் ஜன்னலைப் பார்த்து வைப்பது மேல்.

எஸ்.டி. கார்டின் பக்கவாட்டில் ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கும். அதைக் கீழே தள்ளினால் கார்டில் எழுத முடியாது. படம் நிரம்பிய கார்டை வெளியே எடுத்தவுடன் அதைத் தள்ளிவிடும் வழக்கம் நல்லது. மாறிப் போட்டாலும் மேலே எழுதிவிடாது. மைக்ரோ எஸ்.டி. கார்டுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. காமிராவில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போது எதையும் திறக்கக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

தவறிப்போய்ப் படத்தை அழித்துவிட்டால் பதற வேண்டாம். அழித்தபோது போவது அட்டவணை மட்டுமே. படத்தின் உடல் அநேகமாக அங்கேயே இருக்கும். அதன் மேல் வேறொன்றும் எழுதாமல் கார்டை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். ‘போட்டோரெக்’ போன்ற இலவச மென்பொருள்கள் பல சமயம் மீட்டுக் கொடுக்கும். நீண்ட வீடியோக்கள் மட்டும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.

கார்டு என்பது கொண்டுவந்து சேர்க்கும் வண்டியே அன்றி, சேமித்து வைக்கும் களஞ்சியம் அன்று. ஆண்டுக் கணக்கில் மின்சாரமில்லாமல் அலமாரியில் கிடந்தால் பிளாஷ் நினைவகத்தில் எழுதியது மெல்ல மங்கக்கூடும். எனவே விருந்தினர் சாப்பாட்டுக்கு அமர்ந்திருக்கும் நேரத்திலேயே மண்டபத்து அறையில் ஒருவர் உட்கார்ந்து, கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தனி ஹார்ட் டிஸ்குக்கு ஒன்றுமாக இரண்டு நகல்கள் எடுத்துவிட வேண்டும். படிக்கும் வேகம் பெரிதாக இருப்பது இங்கேதான் உதவுகிறது. வினாடிக்கு 90 மெகாபைட் வீதம் படித்தால் 128 ஜிகாபைட்டை நகல் எடுக்கச் சுமார் இருபத்துநான்கு நிமிஷம் ஆகும். பழைய மெதுவான ரீடரானால் ஒரு மணிக்கு மேல். நகல்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கார்டை மறுபடி பார்மட் செய்யலாம். ஒரு ஹார்ட் டிஸ்கை ஊருக்குத் திரும்பும் சித்தப்பா கையிலேயே கொடுத்தனுப்பிவிட்டால், பாட்டிக்குப் படமும் போய்ச் சேரும்; இங்கே ஏதேனும் நேர்ந்தாலும் அங்கே ஒரு பிரதி இருக்கும்.

ஸ்டூடியோக்காரரை அமர்த்துவோர் இவற்றையெல்லாம் தாமே செய்ய வேண்டியதில்லை, ஆனால் கேட்கலாம். பேச்சு முடித்து முன்பணம் கொடுக்குமுன், ‘என்ன மெகாபிட்டில் எடுப்பீர்கள், கார்டு என்ன குறியுடையது, இரண்டு கார்டுகளில் ஒரே சமயத்தில் எழுதுவீர்களா, அன்றிரவே எத்தனை நகல் எடுப்பீர்கள், மூலப் படங்களை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்’ என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் முகம் சுளிக்காமல் விடை சொல்வார். சொன்ன விடைகளை ஒப்பந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.